பூப்பு முதல் மாதவிடாய் நிறைவு வரை: எந்தப் பருவத்தில் எதைச் சாப்பிடுவது, எதை முன்கூட்டியே சேர்ப்பது

பெண்களின் இனப்பெருக்க நலத்துக்கு ஏற்ற உணவு எது என்று தேடத் தொடங்குபவருக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் ஓர் உணவுப் பட்டியலாகத்தான் இருக்கும். எதைச் சாப்பிட வேண்டும் என்பது அதில் இருக்கும். எப்போது என்பது இருக்காது. ஆனால் இந்தத் துறையில் பலவற்றையும் காலம்தான் முடிவு செய்கிறது. கருவின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய் மூடிக்கொள்ளும் நாள்களில் தான் கருவுற்றிருப்பதே பல தாய்மார்களுக்குத் தெரிந்திராது. ஆகவே அதற்கு வேண்டிய ஃபோலிக் அமிலம் முன்பே உடலில் இருந்தாக வேண்டும். ஐம்பது வயதுக்குப் பின் உடலைத் தாங்க வேண்டிய எலும்பின் பெரும்பகுதி இருபது வயதுக்குள் உருவாகிவிடுகிறது. பேறுகாலத்தில் செலவாகும் இரும்புச்சத்தின் இருப்பு அதற்கு முந்தைய ஆண்டுகளில் சேர்ந்ததாகும். ஒரு பருவத்துக்கான ஊட்டத்தை அதற்கு முந்தைய பருவத்திலேயே சேர்க்க வேண்டியிருப்பதால், உங்கள் வயதுக்குரிய பகுதியோடு அதற்கு அடுத்த பகுதியையும் சேர்த்துப் படியுங்கள். இங்கே தரப்படும் நாள் அளவுகள் பெரும்பாலும் அமெரிக்க ஊட்டச்சத்துப் பரிந்துரைகளை ஒட்டியவை. நாட்டுக்கு நாடு அவை சற்று மாறுபடும்.

படி 1: உணவை மாற்றுவதற்கு முன் சுழற்சியைக் குறித்து வையுங்கள்

மாதவிடாய் தொடங்கிய நாள், அது நீடித்த நாள்கள், இரத்தப்போக்கின் அளவு, வலி, சோர்வு ஆகியவற்றைக் குறைந்தது மூன்று சுழற்சிகளுக்குக் குறித்து வைக்க வேண்டும். ஒரு சுழற்சியின் நீளம் பெரியவர்களுக்கு 24 முதல் 38 நாள்கள் வரை இருப்பது இயல்பு. பூப்படைந்த முதல் சில ஆண்டுகளில் 45 நாள்கள் வரை தள்ளிப் போவதும் உண்டு. இந்தக் குறிப்பு இல்லாமல் உணவை மாற்றினால், மாற்றம் பயன் தந்ததா இல்லையா என்பதை எவராலும் சொல்ல முடியாது.

மனம் எவ்வளவு எளிதாக ஏமாறும் என்பதற்கு 1998இல் வெளியான ஓர் ஆய்வு நல்ல சான்று. மாதவிடாய்க்கு முந்தைய நாள்களில் வரும் தொல்லைகளுக்காகத் தினமும் 1,200 மில்லிகிராம் கால்சியம் எடுத்துக்கொண்ட பெண்களுக்கு, மூன்றாவது சுழற்சியில் அத்தொல்லைகள் 48 விழுக்காடு குறைந்தன. மருந்தே இல்லாத வெற்று மாத்திரையை எடுத்துக்கொண்டவர்களுக்கும் 30 விழுக்காடு குறைந்தன. கால்சியத்தால் பயன் இருந்தது உண்மை. ஆனால் ஏதோ ஒரு பொடியைச் சாப்பிட்ட மாதத்தில் உடம்பு நன்றாக இருந்தது என்று ஒருவர் சொல்வதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதற்கும் அந்த 30 விழுக்காடு விடை சொல்கிறது.

சில நிலைகளில் உணவை மாற்றிப் பார்த்துக் காத்திருக்கக் கூடாது. 15 வயதாகியும் பூப்படையாதது, கருத்தரிக்காத நிலையில் மூன்று மாதங்கள் தொடர்ந்து மாதவிடாய் வராமலிருப்பது, மணிக்கு ஒரு முறை நாப்கின் மாற்றும் அளவுக்குச் சில மணி நேரம் தொடரும் இரத்தப்போக்கு, அன்றாட வேலையை முடக்கும் வலி ஆகிய எதுவாயினும் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

படி 2: போதுமான அளவு சாப்பிடுகிறீர்களா என்று பாருங்கள்

எதைச் சாப்பிடுவது என்ற கேள்விக்கு முன் எவ்வளவு என்ற கேள்வி வருகிறது. கருமுட்டையை முதிரச் செய்யும் ஹார்மோன்களின் தூண்டுதல் மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியிலிருந்து சீரான துடிப்புகளாக வெளிப்படுகிறது. உடலில் கொழுப்பின் இருப்பைத் தெரிவிக்கும் லெப்டின் போன்ற செய்திகள் குறைந்து, ஆற்றல் பற்றாக்குறை நீடிக்கும்போது, அந்தத் துடிப்புகள் தளர்ந்து கருமுட்டை வெளிப்படுவது நின்றுபோகிறது. 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தின் மேற்குப் பகுதியைப் பஞ்சம் தாக்கியபோது பல பெண்களுக்கு மாதவிடாய் நின்றது. அதற்கு ஒன்பது மாதங்களுக்குப் பின் பிறப்புகள் பெருமளவு சரிந்தன. உணவு திரும்பக் கிடைத்தபின் பிறப்பு எண்ணிக்கையும் மீண்டது.

பஞ்சம் இல்லாத வீட்டிலும் இது நடக்கக்கூடும். கடுமையான எடைக்குறைப்பு முயற்சி, நீண்ட தூர ஓட்டம், வேளை தவறிய உணவு ஆகியவை சேர்ந்தால் போதும். உடற்பயிற்சியில் செலவானதைக் கழித்தபின், கொழுப்பு நீங்கலான உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு சுமார் 45 கலோரி மிஞ்சினால் உடல் இயல்பாக இயங்கும். அது 30க்குக் கீழே போகும்போது ஹார்மோன் துடிப்புகள் பாதிக்கப்படுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. கணக்கிட்டுப் பார்ப்போம். 55 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் கொழுப்பு 14 கிலோ என்றால் மீதி 41 கிலோ. அவர் பயிற்சியில் 500 கலோரி செலவழிக்கும் நாளில் 1,730 கலோரிக்கும் குறைவாக உண்டால் ஆபத்தான எல்லைக்குள் வந்துவிடுகிறார். சுமார் 2,350 கலோரி உண்டால்தான் அவர் உடல் கவலையின்றி இயங்கும். இந்த எண்களை எல்லாருக்கும் ஒன்றுபோல் பொருந்தும் கோடாகக் கொள்ள வேண்டாம், ஆனால் தன் உணவு எங்கே நிற்கிறது என்று பார்க்க அவை உதவும்.

இதில் இரண்டு ஏமாற்றங்கள் உண்டு. எடை இயல்பாக இருப்பதாலேயே ஆற்றல் போதுமானது என்று சொல்ல முடியாது. கருத்தடை மாத்திரை எடுப்பவருக்கு மாதந்தோறும் வரும் இரத்தப்போக்கும் சினைப்பை இயங்குவதற்கான சான்று ஆகாது, அது மாத்திரை நிறுத்தப்படும் நாள்களில் வருவதே. குறைபாடு நீடித்தால் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் குறைந்து எலும்பும் தேயத் தொடங்குகிறது. பின்னர் மாதவிடாய் திரும்பினாலும் இழந்த எலும்பு முழுவதும் திரும்புவதில்லை.

படி 3: பதின்ம வயதில் எலும்பைக் கட்டுங்கள்

ஒரு பெண் எட்டக்கூடிய உச்ச எலும்பு நிறையில் சுமார் 90 விழுக்காடு 18 வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. அதனால்தான் 9 முதல் 18 வயது வரை நாளொன்றுக்கு 1,300 மில்லிகிராம் கால்சியம் என்று, வாழ்நாளிலேயே மிகுதியான அளவு பரிந்துரைக்கப்படுகிறது. ஒரு பெரிய டம்ளர் பாலில், அதாவது 250 மில்லிலிட்டரில், ஏறத்தாழ 300 மில்லிகிராம் கிடைக்கும். பால் அருந்தாதவர்கள் கால்சியம் சேர்த்த சோயா பால், கால்சியம் உப்புகொண்டு உறையவைத்த டோஃபு, முள்ளோடு உண்ணும் சிறு மீன்கள் ஆகியவற்றை நாடலாம். பசலைக் கீரையின் கால்சியத்தை நம்பியிருப்பது சரியாகாது. அதிலுள்ள ஆக்சலேட் பெரும்பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்வதால் உடலில் சேர்வது சுமார் 5 விழுக்காடு மட்டுமே. பாலிலிருந்து அது 30 விழுக்காட்டை நெருங்குகிறது. கால்சியம் உறிஞ்சப்படுவதற்கு வைட்டமின் டி நாளொன்றுக்கு 600 சர்வதேச அலகு வேண்டும். இந்த வயதில் தொடங்கும் பட்டினி உணவுமுறைகள் மேலே சொன்ன ஆற்றல் பற்றாக்குறையையும் எலும்புக் குறைவையும் ஒருசேரக் கொண்டுவருவதால், பெற்றோர் மகளின் எடையைப் பற்றிப் பேசுவதைக் குறைத்து, தட்டில் உணவு இருக்கிறதா என்பதைக் கவனிப்பதே நல்லது.

படி 4: இரும்புச்சத்துக் கணக்கை நேர்செய்யுங்கள்

மாதவிடாய் வரும் ஆண்டுகள் முழுவதற்கும் ஒரே ஒரு சத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் இரும்பையே தேர்ந்தெடுப்பேன். ஒரு மாதவிடாயில் சராசரியாக 30 முதல் 40 மில்லிலிட்டர் இரத்தம் வெளியேறுகிறது; 80ஐத் தாண்டினால் அது மிகைப்போக்கு. ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு உள்ளது. ஆகவே 40 மில்லிலிட்டர் இழப்பவர் மாதத்துக்கு 20 மில்லிகிராமையும், 80 இழப்பவர் 40 மில்லிகிராமையும் கூடுதலாக ஈடுசெய்தாக வேண்டும். உணவில் உள்ள இரும்பில் சிறு பகுதியே உடலில் சேர்வதால், 19 முதல் 50 வயது வரையுள்ள பெண்களுக்கு நாளொன்றுக்கு 18 மில்லிகிராம் என்றும், அதே வயது ஆண்களுக்கு 8 மில்லிகிராம் என்றும் அளவு வகுக்கப்பட்டுள்ளது.

இறைச்சியிலும் மீனிலும் உள்ள ஹீம் இரும்பில் 15 முதல் 35 விழுக்காடு உறிஞ்சப்படுகிறது. பருப்பு, கீரை, தானியம் ஆகியவற்றின் இரும்பில் 2 முதல் 20 விழுக்காடு வரைதான் சேரும், அதுவும் உடன் உண்பவற்றைப் பொறுத்தது. இங்கேதான் சைவ உணவினர் தங்கள் பழக்கத்தால் கணக்கை மாற்றிக்கொள்ள முடியும். எலுமிச்சை, கொய்யா, தக்காளி போன்று வைட்டமின் சி உள்ள ஏதேனும் ஒன்றை அதே வேளையில் சேர்த்துக்கொள்ளுங்கள். தேநீரையும் காப்பியையும் உணவோடு அருந்தாமல் ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளி வையுங்கள். கால்சியம் மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் ஒரே வேளையில் விழுங்காதீர்கள். பயறு வகைகளை ஊறவைப்பதும் முளைகட்டுவதும் மாவைப் புளிக்கவைப்பதும், இரும்பைத் தடுத்து வைக்கும் ஃபைடேட்டைக் குறைக்கின்றன.

அடுத்தது பரிசோதனை. கருத்தரிக்காத பெண்களுக்கு 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்கும், கர்ப்பிணிகளுக்குப் பொதுவாக 11 கிராமுக்கும் குறைந்தால் அது இரத்தசோகை என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. ஆனால் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அதற்கு வெகு முன்பே சரிந்துவிடும். ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது என்று சொல்லப்பட்டும் சோர்வு நீங்காதவர் ஃபெரிட்டினையும் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். காய்ச்சலோ அழற்சியோ இருக்கும்போது அது பொய்யாக உயர்ந்து காட்டும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். குறைபாடு உறுதியானால் மாத்திரை தேவைப்படும். ஒரு நாள் எடுத்த மாத்திரை ஹெப்சிடின் என்ற ஹார்மோனை உயர்த்தி மறுநாளின் உறிஞ்சலைக் குறைப்பதால், ஒன்றுவிட்டு ஒரு நாள் எடுப்பது சிலருக்குப் போதுமானதாகவும் வயிற்றுக்கு இதமாகவும் இருக்கிறது. அதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். பரிசோதனை இல்லாமல் ஆண்டுக்கணக்கில் இரும்பு மாத்திரை விழுங்குவது தவறு. தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் இரும்பு, கால்சியம் இரண்டையும் அதிலிருந்து நான்கு மணி நேரம் தள்ளி எடுக்க வேண்டும்.

மிகைப்போக்கு இருந்தால் எந்த உணவாலும் இழப்பை எட்டிப்பிடிக்க முடியாது. கருப்பைத் தசைக்கட்டி, இரத்தம் உறைவதில் குறைபாடு போன்ற காரணங்களைக் கண்டறிந்து முதலில் போக்கை நிறுத்த வேண்டும்.

படி 5: பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டி நோய்க்குறி) இருந்தால் இன்சுலினைக் கவனியுங்கள்

1935இல் ஸ்டைன், லெவந்தால் என்ற இரு மருத்துவர்கள் விவரித்த இந்த நிலையில், பலருக்கு உடல் இன்சுலினுக்குச் சரிவரச் செவிசாய்ப்பதில்லை. அதனால் மிகுதியாகச் சுரக்கும் இன்சுலின், சினைப்பையில் ஆண் ஹார்மோனான ஆண்ட்ரோஜனின் உற்பத்தியைத் தூண்டுகிறது. ஆண்ட்ரோஜனைக் கட்டிவைக்கும் புரதம் கல்லீரலில் சுரப்பதையும் குறைக்கிறது. முகப்பரு, மீசை அரும்புதல், தள்ளிப்போகும் மாதவிடாய் எல்லாம் இதன் தொடர்ச்சி. எடை மிகுந்தவர்களுக்கு மொத்த எடையில் 5 முதல் 10 விழுக்காடு குறைந்தாலே பலருக்குக் கருமுட்டை வெளிப்படுவது சீராகிறது. 80 கிலோ உள்ளவருக்கு அது 4 முதல் 8 கிலோதான்.

எந்த உணவுமுறை என்ற கேள்விக்கு 2023இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதலின் விடை எளிமையானது: ஒன்றைவிட மற்றொன்று சிறந்தது என்பதற்குச் சான்று இல்லை. ஆகவே கைவிடாமல் கடைப்பிடிக்கக்கூடிய ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். சர்க்கரை கலந்த பானங்களை நிறுத்துவது, தீட்டிய மாவுக்குப் பதில் முழுத்தானியமும் பயறும் சேர்ப்பது, ஒவ்வொரு வேளையிலும் புரதம் இருக்கும்படி பார்ப்பது ஆகியவை தொடக்கத்துக்குப் போதும். ஒல்லியாக இருப்பவர்களுக்கும் பிசிஓஎஸ் வரும். எடையைக் குறைக்கச் சொல்லும் அறிவுரை அவர்களுக்குப் பொருந்தாது. இன்சுலின் செயல்பட உதவும் மெட்ஃபார்மின் எடுப்பவர்கள் அவ்வப்போது வைட்டமின் பி12 அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் அந்த மருந்து நாளடைவில் அதைக் குறைக்கக்கூடும். ஹார்மோன்களைச் சமன்படுத்துவதாக விற்கப்படும் பொடிகளுக்குச் செலவிடும் பணத்தைப் பயறுக்கும் பழத்துக்கும் செலவிடலாம் என்பது என் கருத்து.

படி 6: கருத்தரிப்பதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே தொடங்குங்கள்

கருவின் நரம்புக்குழாய் கருவுற்ற 28 நாள்களுக்குள் மூடிக்கொள்கிறது. மாதவிடாய் தள்ளிப்போனதைக் கவனித்துப் பரிசோதித்து மருத்துவரைப் பார்ப்பதற்குள் அந்தக் கெடு பெரும்பாலும் முடிந்துவிடும். ஆகவே கருத்தரிக்க வாய்ப்புள்ள ஒவ்வொருவரும், குறைந்தது ஒரு மாதத்துக்கு முன் தொடங்கிப் பன்னிரண்டாம் வாரம் வரை, தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொள்ள வேண்டும். கீரையும் பயறும் இதே சத்தை ஃபோலேட் வடிவில் தருகின்றன. என்றாலும் அவற்றை மட்டும் நம்பி மாத்திரையைத் தவிர்க்க வேண்டாம்.

இந்தச் சத்தின் கதையே கர்ப்பிணிகளிடமிருந்துதான் தொடங்கியது. லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவர், கர்ப்பிணிகளைப் பாதித்த ஒரு வகை இரத்தசோகையை ஈஸ்ட் சாறு குணப்படுத்துவதை 1931இல் எழுதினார். அதில் இருந்த பொருள் ஃபோலேட் என்பது பின்னரே தெரிந்தது. அறுபது ஆண்டுகள் கழித்து, 1991இல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட ஆய்வு, முன்பு நரம்புக்குழாய்க் குறைபாடுள்ள குழந்தையைக் கருவுற்றிருந்த பெண்களுக்கு அது மீண்டும் நேர்வதை ஃபோலிக் அமிலம் 72 விழுக்காடு குறைத்ததைக் காட்டியது. அந்த ஆய்வில் தரப்பட்டது 4 மில்லிகிராம். அத்தகைய முன்வரலாறு உள்ளவர்களுக்கு இன்றும் உயர் அளவே பரிந்துரைக்கப்படுகிறது, மற்றவர்கள் அதைத் தாமாக எடுக்கக் கூடாது.

தாவர உணவு மட்டும் உண்பவர்கள் வைட்டமின் பி12 மாத்திரையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தாவரங்களிலிருந்து அது நம்பத்தக்க அளவில் கிடைப்பதில்லை; ஃபோலிக் அமிலத்தை மட்டும் மிகுதியாக எடுத்தால், பி12 குறைபாட்டால் வரும் இரத்தசோகை மறைந்து, நரம்புச் சேதம் மட்டும் தொடரக்கூடும். அயோடின் சேர்த்த உப்பைப் பயன்படுத்துங்கள். நீரிழிவு உள்ளவர்கள் சர்க்கரை அளவைக் கருத்தரிப்பதற்கு முன்பே கட்டுக்குள் கொண்டுவர வேண்டும், ஏனெனில் கருவின் உறுப்புகள் முதல் எட்டு வாரங்களிலேயே உருவெடுக்கின்றன. உடல் பருமனுக்கான அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் 12 முதல் 18 மாதங்கள் காத்திருப்பது நல்லது.

கணவரும் இந்தப் படியில் சேர வேண்டும். விந்தணு முதிர்வதற்கு ஏறத்தாழ இரண்டரை மாதங்கள் ஆவதால், அவருடைய மதுவும் புகையும் உணவும் அதே மூன்று மாதங்களில் கணக்கில் வருகின்றன. கருவுறாமையின் முழுப் பொறுப்பையும் மனைவியின் தட்டின் மீது ஏற்றுவது மருத்துவ நோக்கிலும் தவறு. வயதோடு கருமுட்டைகள் குறைவதையோ, அடைபட்ட கருக்குழாயையோ எந்த உணவும் சரிசெய்யாது. 35 வயதுக்குட்பட்டவர்கள் ஓராண்டு முயன்றும், அதற்கு மேற்பட்டவர்கள் ஆறு மாதங்கள் முயன்றும் கருத்தரிக்கவில்லை என்றால் இருவரும் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும்.

படி 7: கர்ப்பகாலத்தில் அளவையும் பாதுகாப்பையும் பாருங்கள்

இருவருக்காகச் சாப்பிட வேண்டும் என்ற பேச்சை ஒதுக்கிவிடலாம். முதல் மூன்று மாதங்களில் கூடுதல் ஆற்றல் தேவையில்லை. அடுத்த மூன்று மாதங்களில் நாளொன்றுக்கு சுமார் 340 கலோரியும், கடைசி மூன்று மாதங்களில் 450 கலோரியும் கூடுதலாக வேண்டும். ஒற்றைக் கருவைச் சுமப்பவருக்கு, கருத்தரிக்கும் முன் உடல் நிறை குறியீட்டெண் 18.5க்குக் கீழ் இருந்தால் 12.5 முதல் 18 கிலோவும், 25க்குள் இருந்தால் 11.5 முதல் 16 கிலோவும், 30க்குள் இருந்தால் 7 முதல் 11.5 கிலோவும், அதற்கு மேல் இருந்தால் 5 முதல் 9 கிலோவும் எடை கூடுவது பொருத்தமானது. இரும்பின் தேவை 27 மில்லிகிராமாக உயர்வதால் பெரும்பாலோருக்கு மாத்திரை வேண்டியிருக்கும். அயோடின் 220 முதல் 250 மைக்ரோகிராம் தேவை.

தவிர்க்க வேண்டியவற்றில் மதுவுக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை. காய்ச்சாத பால், சரிவர வேகாத இறைச்சி, பச்சை முட்டை ஆகியவை லிஸ்டீரியா, டாக்ஸோபிளாஸ்மா, சால்மொனெல்லா தொற்றுகளுக்கு வழிவிடுகின்றன. சுறா, வாள்மீன் போன்ற பெரிய மீன்களில் பாதரசம் மிகுதி. சிறிய மீன்களை வாரம் இரு முறை உண்ணலாம். கல்லீரலில் ரெட்டினால் வடிவ வைட்டமின் ஏ மிகுந்திருப்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது. காஃபீன் நாளொன்றுக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்கட்டும். குமட்டல் மிகுந்த வாரங்களில் சத்துக் கணக்கை விட்டுவிட்டு, வயிற்றில் தங்கும் எதையும் சிறிது சிறிதாக உண்டால் போதும். தண்ணீர்கூடத் தங்கவில்லை என்றால் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். 24 முதல் 28 வாரங்களுக்குள் செய்யப்படும் சர்க்கரைப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.

படி 8: பாலூட்டும்போது எது பாலில் குறையும் என்று அறிந்துகொள்ளுங்கள்

தாயின் உணவு குறைந்தாலும் பாலில் உள்ள இரும்பும் கால்சியமும் பெரிதாக மாறுவதில்லை. அயோடின், வைட்டமின் பி12, வைட்டமின் ஏ, மீன் கொழுப்பில் உள்ள டிஎச்ஏ ஆகியவையோ தாயின் உணவைப் பொறுத்தே பாலில் சேர்கின்றன. ஆகவே தாவர உணவு மட்டும் உண்ணும் தாய் பி12 எடுப்பதை நிறுத்தினால் குழந்தைக்கு நரம்புக் கோளாறு வரை போகக்கூடும். பாலூட்டும் மாதங்களில் எலும்பு 3 முதல் 5 விழுக்காடு குறைவது இயல்பு. பாலூட்டலை நிறுத்தியபின் அது பெரும்பாலும் மீண்டும் சேர்கிறது. நாளொன்றுக்கு 330 முதல் 400 கலோரி கூடுதலாக வேண்டும். பேற்றின்போது மிகுதியாக இரத்தம் இழந்தவர்கள் சோர்வைத் தூக்கமின்மையின் கணக்கில் மட்டும் எழுதிவிடாமல் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

படி 9: மாதவிடாய் நிறைவை ஒட்டிக் கணக்கை மாற்றுங்கள்

நாற்பதுகளின் நடுவிலிருந்தே இதற்கான ஆயத்தம் தொடங்கலாம். உலகெங்கும் பெரும்பாலான பெண்களுக்கு 45 முதல் 55 வயதுக்குள் மாதவிடாய் நிற்கிறது. அதன்பின் இரும்பின் தேவை 8 மில்லிகிராமாக இறங்கிவிடுவதால், பழக்கத்தால் தொடரும் இரும்பு கலந்த சத்து மாத்திரையை மாற்ற வேண்டும். கால்சியம் 1,200 மில்லிகிராமாக உயர்கிறது. நின்றபின் வரும் முதல் ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் எலும்பு அடர்த்தியில் 20 விழுக்காடு வரை இழக்கக்கூடும் என்பதால், உணவோடு எடை தூக்கும் பயிற்சியும் வேண்டும். தசையைக் காக்க, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1 முதல் 1.2 கிராம் புரதத்தை மூன்று வேளைக்கும் பிரித்து உண்பது நல்லது. சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

சினைப்பை ஓய்ந்தபின் உடலின் ஈஸ்ட்ரோஜன் பெரும்பாலும் கொழுப்புத் திசுவில் உருவாகிறது. ஆகவே இந்த வயதில் மிகும் எடை கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய், மார்பகப் புற்றுநோய் ஆகியவற்றின் அபாயத்தைக் கூட்டுகிறது. மதுவும் மார்பகப் புற்றுநோயின் அபாயத்தைக் கூட்டுகிறது. உடல் திடீரெனக் கொதிக்கும் தொல்லைக்குச் சோயா சிலருக்கு உதவுகிறது, பலருக்கு உதவுவதில்லை. அதிலுள்ள ஒரு பொருளை, ஈஸ்ட்ரோஜன் போல் செயல்படும் ஈக்வாலாக மாற்றும் குடல் நுண்ணுயிர்கள் எல்லாரிடமும் இல்லாதது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். சில வாரங்கள் உண்டு பார்த்துப் பயனில்லை என்றால், தூக்கத்தைக் கெடுக்கும் அளவுக்குத் தொல்லை உள்ளவர்கள் மருத்துவச் சிகிச்சையை நாடத் தயங்க வேண்டியதில்லை.

மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்தபின் ஒரு துளி இரத்தம் பட்டாலும், அதை உடல் சூட்டுக்கோ உணவுக்கோ காரணமாக்கிக் காத்திருக்காமல், அந்த வாரமே மகப்பேறு மருத்துவரிடம் காட்டிப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.